கியூபெக் துறையில் ஏலம் நடந்ததா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். 1668-ம் ஆண்டு. பாரிஸ் தெருவில் உடலை விற்றுப் பிழைத்த இசபெல்லா என்ற பெண்ணைக் காவலர்கள் பிடித்துச் சங்கிலியோடு கப்பலில் ஏற்றுகிறார்கள். கியூபெக் துறையில் நூற்றுக்கணக்கான ஆண்கள் சூழ்ந்து நிற்க, அதிக விலை கேட்டவனுக்கு அவள் மனைவியாகிறாள். இதுதான் நீங்கள் எழுதத் தொடங்கியிருக்கும் நாவலின் முதல் அத்தியாயம். இது வரலாற்றுக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரே சொல்லில், பொருந்தாது என்று பதில் சொல்லலாம். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் ‘அவர்கள் பலியானவர்களா, பாக்கியசாலிகளா’ என்று எழுதியிருந்தீர்களே, உண்மையில் நீங்கள் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு அரசன் செலவில் கனடாவுக்கு மணப்பெண்களாக அனுப்பப்பட்ட அந்தப் பெண்களுக்குத் தங்கள் வாழ்க்கையில் ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமிருந்ததா? அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நான் வரலாற்றுப் பேராசிரியை அல்ல. மொன்றியலில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பிறருக்காக அவர்களுடைய பரம்பரையைத் தேடிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். பதினேழாம் நூற்றாண்டுக் கோவில் பதிவேடுகளும் நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் சட்ட அலுவலர், எழுதிய கலியாண உடன்படிக்கைகளும்தான் என் அன்றாடச் சாப்பாடு. ஆகவே கனடாவைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். வட அமெரிக்காவின் தெற்கே பிரான்சு வைத்திருந்த லூசியானாவையும் இந்து சமுத்திரத் தீவுகளையும் பற்றிச் சொல்வது பிறர் ஆராய்ந்து எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தியாயத்தின் முதல் சிக்கல், வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஊர்களில் நடந்தவற்றை ஒரே பெண்ணின் தலையில் கட்டியிருப்பது. 1663 முதல் 1673 வரை கனடாவுக்குப் போனவர்கள் ஒரு வகை. 1704-ல் லூசியானாவின் மொபீல் குடியிருப்புக்குப் போனவர்கள் இன்னொரு வகை. 1719-20-ல் அதே லூசியானாவுக்குச் சிறையிலிருந்தும் காப்பகத்திலிருந்தும் பலவந்தமாக ஏற்றப்பட்டவர்கள் மூன்றாம் வகை. சங்கிலி இந்த மூன்றாவது கதையைச் சேர்ந்தது. அது நடந்தது உங்கள் இசபெல்லா கப்பலேறி ஐம்பது வருடம் கழித்து, வேறொரு கடற்கரையில்.

கனடாவுக்கு வருவோம். 1663-ல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி அந்தக் குடியேற்றத்தை வணிகக் கம்பெனியிடமிருந்து எடுத்துத் தன் நேரடி ஆட்சியில் வைத்துக்கொண்டார். அப்போது அங்கே இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான். நிர்வாகி ஜான் தாலோன் 1666-ல் எடுத்த கணக்கில் மொத்தம் 3,215 பேர். அதில் 2,034 பேர் ஆண்கள், 1,181 பேர் பெண்கள். இந்த எண்களைப் பார்த்து ‘அவ்வளவு மோசமில்லையே’ என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களில் பாதிக்கும் மேல் குழந்தைகளும் ஏற்கெனவே மணமானவர்களும். மணமாகாத வாலிபர்களை மட்டும் எடுத்து, மணமாகாத பெண்களோடு ஒப்பிட்டால் இடைவெளி பல மடங்கு. போதாததற்கு 1665-ல் கரிஞ்ஞான்-சாலியேர் படைப்பிரிவு வந்து இறங்கியது. அதில் ஏறத்தாழ 400 பேர் பிறகு அங்கேயே தங்கினார்கள். ஆகவே அரசச் செலவில் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். பதினொரு வருடத்தில் சுமார் 770 பேர். 1669 முதல் 1671 வரைதான் கூட்டம் அதிகம். ஒவ்வொரு வருடமும் நூறு பேருக்கு மேல்.

இவர்களைப் பிரெஞ்சில் ‘ஃபீய் து ருவா’ என்பார்கள். ஆங்கிலத்தின் வழியாகப் படித்தவர்கள் இதை ‘அரசனின் மகள்கள்’ என்று மொழிபெயர்த்து, இளவரசிகளோ என்று மலைப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘ஃபீய்’ என்றால் மகளும்தான், மணமாகாத பெண்ணும்தான். நம்முடைய ‘பெண்பிள்ளை’ இந்த இரண்டையும் தாங்கும். அரசன் செலவில் வந்த பெண்பிள்ளைகள், அவ்வளவுதான். இந்தப் பெயரை எழுத்தில் வைத்தவர் மொன்றியலில் அவர்களை வரவேற்றுத் தங்கவைத்த மார்கரித் பூர்ஜுவா என்ற துறவி. அதையும் தன் நினைவுகளை முதுமையில் எழுதியபோதுதான் எழுதினார். ஆகவே உங்கள் நாவலில் 1668-ல் கப்பலில் நின்று ‘நான் அரசனின் மகள்’ என்று எந்தப் பெண்ணும் வசனம் பேச வேண்டாம்.

வேசிகள் என்ற கதை எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு லாஒந்தான் என்ற பிரபுவின் புண்ணியம். அவர் 1683-ல் கனடாவுக்கு வந்தவர். அதாவது கடைசிப் பெண் இறங்கிப் பத்து வருடத்துக்குப் பிறகு. 1703-ல் வெளியான தன் பயண நூலில், பெண்களை மூன்று கூடங்களில் அடைத்து வைத்ததாகவும், கசாப்புக்காரன் மந்தையில் ஆடு பொறுக்குவதுபோல ஆண்கள் பொறுக்கியதாகவும், குளிரைத் தாங்குவார்கள் என்று பருமனான பெண்கள் முதலில் போனதாகவும் எழுதினார். படிக்கச் சுவையாக இருக்கும். நேரில் கண்டவர் எழுதியதல்ல. அதற்கு முன்பே, 1664-ல், கனடாவில் வாழ்ந்த பியேர் பூஷே என்ற குடியேற்றக்காரர் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார்: உறவினர்களோ தெரிந்தவர்களோ நன்னடத்தைக்கு உத்தரவாதம் சொன்ன பிறகே பெண்கள் கப்பலேற்றப்படுகிறார்கள் என்று. அவருக்கும் தன் ஊருக்கு நல்ல பெயர் வாங்கித்தரும் நோக்கம் இருந்தது. அதையும் கழித்துத்தான் படிக்க வேண்டும். இருவர் சொல்லையும் ஒதுக்கிவிட்டுப் பதிவேடுகளைப் பார்த்தால், 770 பேரில் விபசாரக் குற்றச்சாட்டோடு நீதிமன்ற ஏட்டில் வரும் பெயராக அடிக்கடி பேசப்படுவது கத்ரின் கிஷ்லன் என்ற ஒருத்தியின் பெயர்தான். அவள் கதைகூட கணவன் அவளையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு பிரான்சுக்குப் போனதோடு சேர்ந்த கதை. பாரிஸிலிருந்து கொண்டுவந்த தொழில் அல்ல.

ஆனால் இங்கேதான் பலர் மறுபக்கம் சாய்ந்து விழுகிறார்கள். வேசிகள் இல்லை என்றால் உற்சாகமாகப் பாய்விரித்து வந்த வீராங்கனைகள் என்று எழுதிவிடுகிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் பாரிஸின் சல்பெத்ரியேர் காப்பகத்திலிருந்து வந்தவர்கள். அது 1656-ல் பாரிஸ் ஏழைகளை அடைத்துவைக்க ஏற்படுத்திய நிறுவனத்தின் பெண்கள் பகுதி. அநாதைகள், ஏழைகள், நோயாளிகள், பிச்சைக்காரிகள் எல்லோருக்கும் ஒரே கூரை. வந்தவர்களில் பாதிக்கு மேல் தந்தையை இழந்தவர்கள். தந்தை இல்லை, சீதனம் இல்லை, திரும்பிப் போக வீடு இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தியிடம் ‘போகிறாயா’ என்று கேட்டு அவள் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எழுதுவதா? இந்தப் பெண்கள் தம் கையால் எழுதிய கடிதம் என்று நான் பார்த்த எதுவும் இல்லை. பெரும்பாலோர் உடன்படிக்கையின் அடியில் கையொப்பமிடத் தெரியாது என்று சொன்னவர்கள். மனதுக்குள் என்ன இருந்தது என்பதை ஏடு சொல்லாது. அந்த இடம் நாவலாசிரியருக்கு உரியது. உங்களை யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஏடு சொல்வதைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு அரசன் ஒதுக்கிய செலவு நூறு லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்): ஆள் சேர்ப்புக்குப் பத்து, உடைக்கு முப்பது, கடல் பயணத்துக்கு அறுபது. அவள் கையில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஒரு தலைக்குல்லா, கைக்குட்டை, காலுறை, கையுறை, சப்பாத்து நாடா, சீப்பு, வெள்ளை நூல், நூறு தையலூசி, ஆயிரம் குண்டூசி, கத்தரிக்கோல், இரண்டு கத்தி, இரண்டு லீவ்ர் பணம். அந்த ஆயிரம் குண்டூசி என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். பொத்தானுக்குப் பதிலாக ஊசிகுத்தி உடுத்திய காலம் அது. ஊசி தீர்ந்தால் அடுத்த கோடையில் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். மணமானால் அரசன் தரும் சீதனம் ஐம்பது லீவ்ர். நற்குடிப் பெண்களுக்கு நூறு. எல்லோருக்கும் அது கிடைத்தது என்று எழுதிவிடாதீர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களின் உடன்படிக்கையில் அந்த ஐம்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி ஏலம். கியூபெக் நகரத்தில் அப்போது வாழ்ந்தவர்களே ஐந்நூற்றுச் சொச்சம் பேர். வந்த பெண்கள் துறையில் நின்று விலைபோகவில்லை. மதாம் பூர்தோன் என்ற விதவையின் பொறுப்பிலும், மொன்றியலில் மார்கரித் பூர்ஜுவாவின் வீட்டிலும் தங்கினார்கள். ஆண்கள் வந்து பார்த்தார்கள், பேசினார்கள். இங்கே யார் யாரைக் கேள்வி கேட்டார்கள் தெரியுமா? அப்போது கியூபெக்கில் இருந்த உர்சுலின் துறவி மரி தெ லங்கார்னசியோன் தன் கடிதத்தில் எழுதுகிறார்: கெட்டிக்காரப் பையன்கள் மணமுடிக்க ஒரு வருடம் முன்பே காடுவெட்டி வீடு கட்டத் தொடங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் பெண்கள் முதலில் விசாரிப்பதே அதைத்தான். வீடுவாசல் உண்டா இல்லையா. நம் ஊரில் பெண் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வியை அங்கே பெண்ணே கேட்டிருக்கிறாள். கேட்பதற்கு அவள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் நாவலுக்கு நான் தரக்கூடிய ஒரே நல்ல காட்சி இனி வருவது. கோவில் கலியாணத்துக்கு முன் நொத்தாரிசிடம் போய் உடன்படிக்கை எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் கலியாண எழுத்து நடந்து, பிறகு வேறொரு நாளில் தாலி கட்டுவதில்லையா? கிட்டத்தட்ட அதுபோல. வேறுபாடு என்னவென்றால், அங்கே எழுத்து முடிந்த பிறகும் அதை அழிக்கலாம். மனம் மாறிய பெண் மீண்டும் நொத்தாரிசு முன் வருவாள், இருவர் சம்மதத்தோடு உடன்படிக்கை ரத்தாகும், அந்த ஏட்டின் ஓரத்தில் ஒரு வரி ஏறும். சில வாரங்களில் இன்னொருவனோடு புதிய உடன்படிக்கை. இது அபூர்வமாக நடந்ததல்ல. இரண்டு முறை, மூன்று முறை எழுதி அழித்தவர்களும் உண்டு. ரோமான் பெக்கே என்ற கியூபெக் நொத்தாரிசின் ஏடுகளில் இப்படிப்பட்டவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் இடையே அவள் அவனுடைய ‘வீட்டை’ நேரில் போய்ப் பார்த்துவிட்டாளோ என்று. காரணத்தை ஏடு எழுதவில்லை. ஏலக் காட்சியை எடுத்துவிட்டு இந்த மேசையை அங்கே போடுங்கள். மெழுகுவர்த்தி, மை, சாட்சிகள், முகம் சிவந்து நிற்கும் ஓர் ஆண், ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்ட ஒரு பெண்.

அந்த உடன்படிக்கைகளில் என்ன எழுதினார்கள் என்பதும் உங்களுக்கு உதவும். பாரிஸ் வழமைச் சட்டம்தான் அங்கே நடைமுறை. அதன்படி மணவாழ்க்கையில் சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பாதி. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் தேடிய தேட்டம், அதாவது மணவாழ்க்கையில் சேர்த்த சொத்து, என்பதை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அதற்கு மேல், கணவன் இறந்தால் அவள் பிழைப்புக்கென்று ஒரு தொகையை அவன் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். விதவைகள் விரைவில் மறுமணம் செய்துகொண்டார்கள். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

அப்படியானால் பலவந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. அரசனுக்கு வேண்டியது மனைவிகள் அல்ல, பிள்ளைகள். 1669-ல் வந்த ஆணைப்படி உயிரோடு பத்துப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு வருடம் 300 லீவ்ர், பன்னிரண்டு என்றால் 400. பதினாறு வயதுக்குள் மணமுடிக்கும் பெண்ணுக்கும் இருபதுக்குள் மணமுடிக்கும் ஆணுக்கும் இருபது லீவ்ர் பரிசு. உரிய வயதில் பிள்ளைகளுக்கு மணமுடித்து வைக்காத தந்தைக்கு அபராதம். கப்பல் வந்து இரண்டு வாரத்துக்குள் பெண் பார்த்து முடிக்காத பிரம்மச்சாரிகள் காட்டுக்குப் போய் வேட்டையாடவும் மென்மயிர் வியாபாரம் செய்யவும் தாலோன் தடை போட்டார். ஆகவே மாப்பிள்ளைதான் ஒருவகையில் துரத்தப்பட்டவன். 1681-ல் மக்கள்தொகை பத்தாயிரத்தை நெருங்கிவிட்டது. ஆனால் அந்தப் பத்தாவது பிள்ளையைச் சுமந்த உடம்பை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

இன்னொரு விடுபாடு. உங்கள் சுருக்கத்தில் அந்த மண்ணின் மக்கள் யாரும் இல்லை. 1666 இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுப் படை மொஹாக் மக்களின் ஊர்களையும் அறுவடை செய்து சேமித்த சோளத்தையும் எரித்தது. மறுவருடம் சமாதானம். அந்தச் சமாதானத்துக்குப் பிறகுதான் மணப்பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். இந்த வரிசை தற்செயல் அல்ல. உங்கள் நாயகி 1668-ல் வந்தால் அந்தச் சாம்பலின் பேச்சு அவள் காதில் விழாமல் இருக்காது.

லூசியானா பற்றிச் சுருக்கமாக. 1704-ல் ‘பெலிகான்’ என்ற கப்பல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண்களை மொபீலுக்குக் கொண்டுவந்தது. வழியில் ஹவானாவில் நின்றபோது மஞ்சள் காய்ச்சலும் ஏறிக்கொண்டது. கரையில் பலர் செத்தார்கள். மக்காச்சோள ரொட்டி பிடிக்காமல் அந்தப் பெண்கள் ஆளுநருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள் என்ற கதை பிரபலம். அதிருப்தி இருந்தது உண்மை, ‘புரட்சி’ பின்னால் ஊதியது. 1719-20-ல் லூசியானாவைக் கையில் வைத்திருந்த ஜான் லா என்பவரின் கம்பெனி ஆள் தேடியபோதுதான் காப்பகத்துப் பெண்களைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியை ஏற்றிவந்த கப்பலின் பெயர் ‘முத்தின்’. பிரெஞ்சில் ‘அடங்காதவள்’ என்று பொருள். நாவலில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. 1721-ல் ‘பலேன்’ கப்பலில் சல்பெத்ரியேரின் 88 பெண்கள் மூன்று துறவியரோடும் ஒரு மருத்துவச்சியோடும் வந்தார்கள். 1731-ல் வெளியான ‘மனோன் லெஸ்கோ’ நாவல் தன் நாயகியை நியூ ஓர்லியன்ஸ் அருகே ஒரு பாலைவனத்தில் சாகவிட்டது. அங்கே பாலைவனம் கிடையாது, சதுப்பு நிலம்தான். அந்த நாவல் ஏற்படுத்திய பிம்பம்தான் காலத்தையும் கடலையும் தாண்டி உங்கள் முதல் அத்தியாயத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஊகம். நியூ ஓர்லியன்ஸில் சொல்லும் ‘பெட்டிக்காரப் பெண்கள்’ இரத்தக்காட்டேரிக் கதையை, அதாவது பெட்டியோடு வந்த மணப்பெண்கள் காட்டேரிகளைக் கொண்டுவந்து ஒரு மடத்தில் வைத்தார்கள் என்பதை, தயவுசெய்து தொடாதீர்கள். அந்தக் கதையில் வரும் மடத்தின் இன்றைய கட்டடம் எழுந்தது 1750-களில்.

சங்கிலியும் கண்ணீரும்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், இந்து சமுத்திரத்துக்கு வாருங்கள். நம் கரைக்கும் பக்கம். 1673-ல் ‘தன்கெர்க்வாஸ்’ என்ற கப்பலில் சல்பெத்ரியேரிலிருந்து ஒரு சிறு கூட்டம் பெண்கள் பூர்போன் தீவுக்கு, அதாவது இன்றைய ரியூனியனுக்கு, அனுப்பப்பட்டார்கள். கப்பலின் பயணம் மடகாஸ்கரின் தோஃபான் கோட்டையோடு முடிந்துவிட்டது. அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை மணந்துகொண்டார்கள். அந்த ஆண்களில் பலருக்கு மலகாசி மனைவிகள், அதாவது மடகாஸ்கர் பெண்கள், ஏற்கெனவே இருந்தார்கள். 1674-ல் கோட்டை தாக்கப்பட்டது. பலர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் கடலேறித் தப்பினார்கள். கைவிடப்பட்ட மனைவியரின் கோபம்தான் காரணம் என்பது மரபுவழிக் கதை. நிலமும் மாடும் பல வருடப் பகையும் அதற்கு முன்பே இருந்தன. தப்பிய பிரான்சுவாஸ் ஷத்லான் என்பவள் அலைந்து திரிந்து பூர்போன் சேர்ந்து, மொத்தம் நான்கு கணவர்களைக் கண்டு, ஒரு பெரிய வம்சத்துக்குப் பாட்டியானாள். 1678 அளவில் அதே தீவுக்கு இந்தியாவின் போர்த்துக்கீசப் பகுதிகளிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் மணமகள்களாகக் கொண்டுபோகப்பட்டார்கள். ரியூனியனின் பழைய குடும்பங்கள் பலவற்றின் வேர் அவர்களிடம் போய் நிற்கும். இதைத் தமிழில் யாரும் நாவலாக எழுதி நான் படித்ததில்லை.

கனடாவையே எழுதுவதென்றால் சில சில்லறைத் திருத்தங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் உருளைக்கிழங்கு சூப் வருகிறது, எடுத்துவிடுங்கள். கோதுமை ரொட்டி, பட்டாணி, பன்றி இறைச்சி, விலாங்கு மீன். டிசம்பரில் ஊருக்குக் கடிதம் போடவும் முடியாது; ஆறு உறைந்துவிடும், கோடைவரை கப்பல் இல்லை. கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கோவிலில் கலியாணம் நடக்காது, ஆகவே உங்கள் டிசம்பர் நடுக் கலியாணத்தை நவம்பருக்கு இழுங்கள். மொன்றியலில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் சான்-கப்ரியேல் இல்லத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சமையலறையில் 1668-ன் நாயகியை நிறுத்த எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பண்ணையை மார்கரித் பூர்ஜுவா வாங்கியது 1668-ல்தான். ஆனால் வீடு 1693-ல் எரிந்து, 1698-ல் மீண்டும் கட்டப்பட்டது. நீங்கள் பார்த்த சுவர்களை அவள் பார்த்திருக்க முடியாது.

கடைசியாக, பெயர். இசபெல்லா இத்தாலியச் சாயல். ஜன், கத்ரின், மார்கரித், ஆன், இல்லையென்றால் எங்கும் நிறைந்த மரி, இவற்றில் ஒன்றை எடுங்கள். கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரை அவளுக்கு ஒட்டாதீர்கள். அந்தக் காலத்துக் கியூபெக் ஏடுகளில் ஒரு பெண் எத்தனை முறை மணந்தாலும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதப்பட்டாள். பிள்ளையின் ஞானஸ்நானத்திலும், நொத்தாரிசின் உறுதியிலும், அவளை அடக்கம் செய்த நாளின் பதிவிலும் அதே பெயர்தான். நான் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே அந்தப் பெயரை வைத்துத்தான்.